சித்தப்பாவின் ஹெரால்டை விற்கிறோம்

போன ஞாயிற்றுக்கிழமை, திருமுல்லைவாயல் வீட்டு ஷெட்டில் நிற்கும் சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் படம் எடுத்துப் போட்டு, "விற்கப் போகிறோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பழைய மாணவர்கள், உறவுக்காரர்கள் என்று அத்தனை பேரும் "ஐயோ, விக்காதீங்க சார்" என்றே எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தர் அழுகிற பொம்மை பத்து போட்டிருந்தார். கடைசியாக அந்தக் காரைத் துடைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வண்டியைத் தெரியாத பிள்ளைகளுக்காக முதலில் இது. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டை நம் ஊரில், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர், மிக்கெலோட்டி. 948 சிசி எஞ்சின். பானெட், இரண்டு பக்க மட்கார்டோடும் சேர்ந்து அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். இந்த வண்டிக்குச் சேசிஸ் தனி. பாடி துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். கூரையும் அப்படித்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல்ரூமில் வேலை பார்த்தவருக்கு அது போதாதா? 1974ல் பழைய வண்டியாக வாங்கினார். 1979ல் ஒரு பொங்கல் லீவில் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு, ஜி.பி. ரோட்டில் கேன்வாஸ் கூரை தைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அது எங்கள் தெருவுக்கு "தொறந்த காரு".

ஞாயிற்றுக்கிழமைகளில் சி.டி.எச். ரோட்டில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று போய்ப் பூண்டி ஏரி வரைக்கும் ஓட்டுவார். பின் சீட்டில் நாங்கள் ஐந்து பேர். சித்தி முன்னால், தலையில் முந்தானையை இழுத்து முடிந்துகொண்டு. அவருக்குக் காற்று பிடிக்காது என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரியும்.

சித்தப்பா 2014ல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் மொத்தமாக ஓடியது எத்தனை கிலோமீட்டர் தெரியுமா? ஷெட்டிலிருந்து வாசல் வரை. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய ஒரு ஆள் வந்தார். பிறகு அவரும் வரவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஷெட்டுக்குள் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது. சீட்டில் எலி குடும்பம் நடத்துகிறது. இதை "பாதுகாக்கிறோம்" என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கனடாவில் இருக்கும் தம்பிதான் விற்கக்கூடாது என்கிறான். "அண்ணா, அது அப்பாவோட உசிரு" என்கிறான். அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் காரில்தான் அவன் ஓட்டக் கற்றுக்கொண்டான். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவனுடைய பாசத்துக்கு எழுபத்தெட்டு வயது அம்மா காவல் இருக்க வேண்டுமா? போன மாதம் வீடியோ காலில் நாங்கள் ஒரு மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தபோது சித்தி குறுக்கே வந்து, "எல்லாரும் காரு காருன்னு பேசுறீங்க, என்னை எவனாச்சும் கேட்டீங்களாடா? எனக்கு அந்த எடத்துல துணி காயப்போடணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

விற்பது என்று முடிவான பிறகுதான் உண்மையான தலைவலி. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஏதாவது நிற்கலாம். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. துக்கத்தில் யாருக்கு ஆர்.சி. புத்தக நினைப்பு வரும்? இப்போது வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், கனடாவிலிருந்து தம்பியின் கையெழுத்து என்று அலைகிறோம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 வரை காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. 2025ல் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021ல் தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. கூரையைக் கழற்றிய சித்தப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் உதிரி பாகத்துக்காக; அவர் பானெட்டைத் தட்டிய விதமே பிடிக்கவில்லை. இரண்டாமவர் ஈ.சி.ஆரில் ரிசார்ட் வைத்திருப்பவர். 4 லட்சம் தருகிறேன், கல்யாண ஜோடிகள் உட்கார்ந்து போட்டோ எடுக்க வாசலில் நிறுத்துவேன் என்றார். மூன்றாவது ஆள் பட்டாபிராமில் சின்ன ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பையன். இரண்டு மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சேசிஸ் துரு மேலாலதான் சார். பெட்ரோல் ஹோஸ் எல்லாம் மாத்தணும், இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு இந்த ரப்பர் தாங்காது. என்னால ரெண்டே முக்கால்தான் முடியும்" என்றான். பிறகு, "ஒரிஜினல் கூரை இருக்கா சார்?" என்று கேட்டான்.

அவனுக்குத்தான் கொடுக்கிறோம். ஒன்றேகால் லட்சம் நஷ்டம் என்று என் மகனே கணக்குச் சொன்னான். கணக்கு சரிதான். ஆனால் கடல் காற்றில் நிறுத்திவைத்து ஓட்டாமல் உளுத்துப்போக விட, எங்கள் ஷெட் என்ன குறைச்சல்? சித்தியும் இதற்குத்தான் சரி என்றார். தம்பி ஸ்டியரிங்கை மட்டும் கழற்றித் தரச் சொன்னான். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கொரு துண்டு ஞாபகார்த்தமாக எடுத்தால், அந்த உதிரி பாகக்காரரிடமே கொடுத்திருக்கலாமே! ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று அவனே கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். குரல் சரியாக இல்லை.

அசல் கூரை இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பின்கட்டில் கோழிக்கூட்டின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. வியாழக்கிழமை காலை பையன் வண்டியோடு வருகிறான். அதற்குள் கோழிகளுக்கு வேறு கூரை பார்க்க வேண்டும்.