கோயிலுக்குள் பறை அடித்தால் என்ன?



இந்த மாதம் ‘என் கருத்து’ பகுதிக்கு என்னை எழுதச் சொன்னார்கள். எங்க சர்ச்சில் இப்போ பெரிய விவாதமாக இருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் தயவுசெய்து படிங்க, ஏன்னா விஷயம் நம்ம எல்லாருக்கும் தெரிந்த ஒரு மேளத்தைப் பற்றியது.

எங்க கோயிலில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து கடவுளுக்குப் படைப்போம். நெற்கதிர், கரும்பு, வாழைத்தார், பூசணிக்காய், சேவல், முட்டை என்று பலிபீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அதைப் பார்க்கணுமே! ஒரு எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து, “மறுபடியும் ஏலம் விடுங்க” என்பார். வரும் பணத்தில் ஒரு பங்கு சபையில் நோயாளியாக இருப்பவர்களுக்கு. போன வருஷம் அந்தப் பணத்தில்தான் ஒரு பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது.

வெளியே இவ்வளவு சிரிப்பு. உள்ளே ஆராதனையிலோ கீபோர்டும் தபேலாவும் மெதுவாக வாசிக்க, பின்வரிசையில் நாலு பேர் தூங்குவார்கள். அதனால் வாலிபர் சங்கத்து அண்ணன்மார், “காணிக்கைப் பவனி வரும்போது பறை அடிக்கலாம்” என்று கேட்டார்கள். உடனே கமிட்டியில் ஒருவர், “சாவுக்கு அடிக்கிற கொட்டைக் கோயிலுக்குள்ள கொண்டு வரலாமா?” என்று எழுந்துவிட்டார். பாதிப் பேர் அவர் பக்கம்.

அடிக்கலாம் என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பு அக்காவின் தமிழ்ப் புத்தகத்தில் ஐந்திணைகளின் கருப்பொருள் அட்டவணை இருக்கிறது. தெய்வம், உணவு, மரம், பூ மாதிரி பறையும் அதில் ஒரு கருப்பொருள். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை. மருதத்துக்கு மணமுழா, நெல்லரிகிணை. பேரைப் பாருங்க, ஒன்று கல்யாணத்துக்கு, இன்னொன்று நெல் அறுப்புக்கு! நம்ம ஊர் பெரியாற்றுக் கால்வாயில் விளைகிற ஊர், மருதம் தானே. அறுப்புக்கு மேளம் அடிப்பது நம்ம ஆட்களுக்குப் புதுசு இல்லை. அதைச் சாவோடு மட்டும் கட்டிப் போட்டது பிறகு நடந்த வேலை.

பைபிளை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். செங்கடலைக் கடந்த பிறகு மிரியாம் என்ற பெண் தம்புருவை எடுத்துக்கொண்டு முன்னே போக, மற்ற பெண்கள் எல்லாரும் தம்புருக்களோடும் நடனத்தோடும் பின்னால் போனார்கள் என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. தம்புரு என்றால் நான் ஏதோ வீணை மாதிரி என்று நினைத்திருந்தேன். எங்க ஆயரிடம் கேட்டதற்கு, எபிரெய மொழியில் அது ‘தோப்’ என்றும், வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிக் கையால் தட்டுவது என்றும் சொன்னார். வட்டச் சட்டம், தோல். வேறு எது ஞாபகம் வருது?

“நம்ம பாரம்பரியக் கீர்த்தனை இருக்கும்போது இது எதுக்கு?” என்கிறார்கள். எனக்கும் கீர்த்தனை பிடிக்கும். ஆனால் அந்தக் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசுதானே. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம்ம ராகத்தில், நம்ம தாளத்தில் பாடல்கள் எழுதினார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்ற வெள்ளைக்காரர் 1853-ல் அப்படிப்பட்ட கீர்த்தனைகளைச் சேர்த்துப் புத்தகமாக அச்சுப் போட்டார். கோயிலுக்குள் வந்து உட்கார்ந்த ஆர்மோனியமும் கீபோர்டும் எந்த வயலில் விளைந்தது? கடல் தாண்டி வந்ததற்கு உள்ளே இடம், அடுத்த தெருவில் இருப்பதற்கு வாசல் வரைக்கும் தானா!

இதெல்லாம் யோசித்துச் செய்து காட்டியவர் நம்ம மதுரையிலேயே இருந்திருக்கிறார். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை’ என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். ஆராதனை முழுவதையுமே கிராமிய மெட்டில், நாம வீட்டில் பேசுகிற தமிழில் எழுதி, பறையோடு பாட வைத்தார். ‘ஒரே உலை’ என்று அடிக்கடி சொல்வாராம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவதும் வழிபாடுதான் என்பது அவர் கொள்கை. 2005-ல் இறந்துவிட்டார். அவருடைய இசையைப் பற்றி ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்கப் பேராசிரியை எழுதிய புத்தகம் 2014-ல் வந்திருக்கிறது. அமெரிக்காவில் படிக்கிறார்கள், நம்ம கமிட்டியில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இனிமேல் எழுதுவதுதான் கஷ்டமான பகுதி.

பறையை எதிர்ப்பவர்களில் எங்க தாத்தாவும் ஒருவர். சின்ன வயதிலிருந்து அதை அடித்தவர் அவர். நல்லா அடிப்பாராம். ராத்திரி முழுக்கச் சாவு வீட்டு வாசலில் நின்று அடித்துவிட்டு, விடிந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்று கூலி வாங்கியிருக்கிறார். ஒருநாள் எடுத்துப் பரணில் போட்டவர், அப்புறம் தொடவே இல்லை. “அதை அடிச்சு வாங்குன அவமானம் போதும் தாயி. உங்க அப்பன் படிச்சது அதை விட்டதாலதான்” என்றார். அவர் சொல்வதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. மேளம் பிடிக்காதவர் சொல்வதும், அதனால் அடிபட்டவர் சொல்வதும் ஒன்று ஆகுமா?

நான் விடவில்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறை இசைக்காக 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்ததைச் சொன்னேன். தாத்தாவுக்கு முகம் மாறியது. கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு கட்டளை இருக்கு” என்றார். “கூலிக்கு ஆள் கூப்பிடக் கூடாது. நம்ம தெருப் பிள்ளைகளை மட்டும் அடிக்க விட்டுட்டு மத்தவங்க கைகட்டிப் பாக்கக் கூடாது. சபையில எல்லா வீட்டுப் பிள்ளையும் அடிக்கணும். அப்ப நானே வந்து சொல்லித் தர்றேன்.”

என் கருத்தும் இப்போ அதுதான். வெறுமனே பறை வேண்டும் என்று கேட்டால், வெளியிலிருந்து ஒரு செட் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி அடிக்கவிட்டுப் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது சாவு வீட்டில் நடந்ததேதான், இடம் மட்டும் கோயில். கமிட்டி மெம்பர் வீட்டுப் பையன் தோளில் மாட்டட்டும். டீச்சர் வீட்டுப் பொண்ணு மாட்டட்டும். பொண்ணுங்க அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, மிரியாமை முன்பே சொல்லிவிட்டேன். மிரியாம் தூரம் என்றால் திண்டுக்கல் பக்கம்தான். அங்கே கன்னியாஸ்திரி சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பறை அடிப்பவர்கள் எல்லாருமே பெண்கள்.

ஒரே உலையையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போ பண்டிகைச் சாப்பாடு ஒரே பந்தலில்தான் நடக்கிறது. ஆனால் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பரிமாறுகிற வேலையைச் சீட்டுப் போட்டுக் குலுக்கி எல்லா வீட்டுக்கும் பிரிக்கலாம்.

தாத்தா பரணிலிருந்து பறையை இறக்கிவிட்டார். தோல் கிழிந்திருக்கிறது, சட்டம் நல்லா இருக்கு. வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் ஏறும் என்றார். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சுண்டுக்குச்சி. அட்டையில் வைத்து இரண்டு வாரமாகப் பழகுகிறேன், இடது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. கமிட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுகிறது.

என் கருத்தோடு ஒத்துப்போகாதவர்கள் தாராளமாக எழுதுங்கள். கீழே கால் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பேர், வகுப்பு போட்டு எழுதவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி