துடைப்பமும் நஞ்சும்

ஒரு வீட்டில் வாழ்வோர் எத்துணையர் என்று வினவினால், வீட்டுத் தலைவர் குடும்ப அட்டையை எடுத்துக் காட்டி, நால்வர் என்றோ ஐவர் என்றோ விடை கூறுவார். அவ்வட்டையில் பெயர் பதியாமலே அவ்வீட்டில் குடியிருப்போர் வேறு பலர் உளர். அடுக்களையின் மூலையில் கரப்பான் பூச்சி வாழ்கிறது. பரணில் எலி வாழ்கிறது. கட்டிலின் இடுக்கில் மூட்டைப் பூச்சி வாழ்கிறது. கதவு நிலையின் உள்ளே கறையான் வாழ்கிறது. பூந்தொட்டியின் அடித்தட்டில் கொசு பிறக்கிறது. வாடகை கொடாத இக்குடிகள் உண்ணும் உணவும் வீட்டாருடையது. உறையும் இடமும் வீட்டாருடையது. கொசுவும் மூட்டைப் பூச்சியுமோ வீட்டாரின் குருதியையே உணவாகக் கொள்கின்றன.

இவற்றை அகற்றும் பொறுப்பு யாருடையது? முற்காலத்தில் இவ்வினா எழுந்ததில்லை. வீட்டைப் பெருக்குதல் எவ்வாறு வீட்டார் தொழிலோ, அவ்வாறே பூச்சியை விலக்குதலும் அவர்தம் தொழிலாக இருந்தது. இக்காலத்தில் நகரங்களில் வேறொரு வழக்கம் பரவியுள்ளது. பூச்சி மிகுந்தவுடன் தொலைபேசியில் அழைப்புச் செல்கிறது. மறுநாள் மருந்துக் கலத்தைத் தோளில் சுமந்து ஒருவர் வருகிறார். அரைமணி நேரம் மருந்து தெளிக்கிறார். கூலி பெற்றுச் செல்கிறார். அத்துடன் கடமை முடிந்ததென்று வீட்டார் அமைதி கொள்கின்றனர். சில திங்கள் கழிந்ததும் பூச்சிகள் மீண்டும் வருகின்றன. அழைப்பும் மீண்டும் செல்கிறது. இவ்வழக்கம் முறையானதா என்பதை ஆராய்தல் வேண்டும்.

எந்த உயிரும் காரணமின்றி ஓரிடத்தை நாடுவதில்லை. உணவு, நீர், ஒதுங்கிடம் என்னும் மூன்றுமே சிற்றுயிர்களை வீட்டுக்குள் அழைக்கின்றன. இரவில் கழுவாது விட்ட பாத்திரம் கரப்பான் பூச்சிக்கு விருந்து. சொட்டுகின்ற குழாய் அதற்குத் தண்ணீர்ப் பந்தல். அடுக்கி வைத்த பழைய அட்டைப் பெட்டிகள் அதற்கு மாளிகை. மருந்து தெளிப்பவர் அன்று அங்கிருக்கும் பூச்சிகளைக் கொல்லலாம். ஆயின், பாத்திரத்தையும் குழாயையும் பெட்டிகளையும் அவர் மாற்றுவதில்லை. விருந்தினரை விரட்டிவிட்டு இலையை விரித்தே வைத்திருந்தால், அடுத்த விருந்தினர் வாராதிருப்பரோ?

கொசுவை எடுத்துக்கொள்வோம். மலேரியா நோயின் நுண்ணுயிர் கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அன்று முதல் கொசுவின் வாழ்க்கையை அறிஞர் பலர் நுணுகி ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட உண்மைகளுள் இல்லத்தார்க்கு மிகவும் பயன்படுவது ஒன்று உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பது அன்று. அது தூய நீரையே நாடி முட்டையிடும். மூடாத தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மாடியில் எறிந்த தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். முட்டை பொரிந்து, கூத்தாடிப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துக் கொசுவாய்ப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள்கள் வேண்டும். பிறந்த இடத்தை விட்டு அது நெடுந்தொலைவு செல்வதும் அரிது. ஆதலின், ஒரு வீட்டாரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் அவ்வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததேயாகும்.

இதனை அறிந்தோர் செய்யத்தக்கது யாது? வாரந்தோறும் ஒருநாள் நீர்க் கலங்கள் அனைத்தையும் கவிழ்த்து, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, காயவைத்து, மீண்டும் நிரப்பி மூடிவைத்தல் வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டைகள் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல திங்கள் உயிரோடிருக்கும்; மீண்டும் நீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரைக் கொண்டு தேய்ப்பதற்கு எந்த நிறுவனமும் வேண்டுவதில்லை; பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் செய்யக்கூடிய வேலை அது. வாரம் ஒருமுறை தவறாது செய்யவேண்டிய இவ்வேலையை, ஆண்டுக்கு இருமுறை வரும் கூலியாள் எவ்வாறு செய்து தர இயலும்?

எலியின் செய்தியும் இத்தகையதே. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆதலின், அது எதையேனும் கொறித்துக்கொண்டே இருக்கும். சிறிய சுண்டெலி அரை அங்குலத்திற்கும் குறைந்த துளை வழியே நுழைந்துவிடும். அரிசியையும் துணியையும் மட்டுமன்றி, மின்கம்பியின் உறையையும் எலிகள் கடித்துக் கெடுக்கும். அவற்றின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கே இறுதியாவதும் உண்டு. கழிவுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள துளையைச் சிமெண்டுக் கலவையால் அடைப்பதும், சாளரத்திற்குக் கம்பிவலை இடுவதும், தானியத்தை மூடியிட்ட தகரக் கலத்தில் வைப்பதும், வடைத்துண்டு ஒன்றை வைத்துப் பொறியமைப்பதும் நஞ்சினும் சிறந்த வழிகள். நஞ்சுண்ட எலி எங்கோ ஒரு மறைவிடத்தில் இறந்து நாறும். அதனை உண்ணும் பூனையும் காகமும் கூட மடியலாம்.

தமிழ்நாட்டு இல்லங்களில் இவ்வறிவு புதியதன்று. போகி நாளில் வீடு முழுவதையும் ஒழித்துத் துடைத்துச் சுண்ணாம்பு பூசினர். சரசுவதி பூசையன்று ஏடுகளையும் நூல்களையும் வெளியே எடுத்துத் தூசு தட்டி அடுக்கினர். கட்டிலைக் கடும் வெயிலில் இட்டு, அதன் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றி மூட்டைப் பூச்சியை ஒழித்தனர். துவரைக்குச் செம்மண் கட்டினர். நெல்லையும் பயற்றையும் காயவைத்துச் சேமித்தனர். ஏட்டுக் கட்டுகளுக்கு இடையே வசம்பு வைத்தனர். இவற்றைச் செய்யத் தவறிய இடங்களில் நேர்ந்த இழப்பு சிறிதன்று. பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் (1855–1942), செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏடுகளைக் கண்டு வருந்தியதைத் தமிழுலகம் அறியும். ஒரு வீட்டார் ஆண்டுக்கு ஒருநாள் ஏடுகளை எடுத்துப் பாராமையால், மீண்டும் பெற இயலாத நூல்கள் கறையானுக்கு இரையாயின. பழைமையானவை என்பதனாலேயே முன்னோர் முறைகள் எல்லாம் நல்லவை ஆகிவிடா. கண்ணெரியப் புகைமூட்டிக் கொசுவை விரட்டும் பழக்கம் குழந்தையின் நெஞ்சுக்கும் தீங்கு செய்வதாகும். எனினும், இடத்தைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்துப் பூச்சிக்கு இடங்கொடாமை என்னும் அடிப்படை எக்காலத்திற்கும் பொருந்தும்.

நஞ்சை மட்டுமே நம்பியதன் பயனை நாட்டு வரலாறும் காட்டுகிறது. டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இந்தியாவில் 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் வீடுதோறும் அம்மருந்து தெளிக்கப்பட்டது. அதனால் விளைந்த நன்மை பெரிது. கோடிக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை 1965இல் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்தது. மலேரியா ஒழிந்தே போயிற்று என்று பலர் மகிழ்ந்தனர். ஆயின், கொசுக்கள் அந்நஞ்சைத் தாங்கும் வன்மை பெற்றன. மக்களிடையே விழிப்பும் குறைந்தது. 1976இல் நோயாளர் தொகை அறுபது இலட்சத்திற்கு மேல் உயர்ந்தது. நஞ்சுக்குப் பூச்சி பழகிவிடும். தன் பிறப்பிடமே இல்லாமற் போவதற்கு எந்தப் பூச்சியும் பழக இயலாது.

இது கேட்டுச் சிலர், “அங்ஙனமாயின், கூலியாள் எதற்கு? மருந்தைக் கடையில் வாங்கி நாங்களே தெளித்துக்கொள்வோம், பணமும் மிச்சம்” என்பர். இதுவும் தவறே. தம் வீட்டுப் பூச்சியைத் தாமே அகற்றுதல் என்பது, பிறர் தெளிக்கும் நஞ்சைத் தாமே தெளித்தல் அன்று. நஞ்சுக்குத் தேவையே இல்லாமற் செய்தலாகும். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்னும் பழமொழி இவர்களுக்கென்றே எழுந்தது போலும். மீந்த மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்து, அதனைக் குழந்தை எடுத்துப் பருகிய கொடுமை பல ஊர்களில் நிகழ்ந்துள்ளது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைச் சிதைப்பது. அதற்கு மாற்று மருந்து இல்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னையை அடுத்த ஒரு குடியிருப்பில், எலிகளுக்கென வைத்த நஞ்சினால் உறங்கிக்கொண்டிருந்த இளங்குழந்தைகள் இருவர் உயிர் இழந்தனர். அந்நஞ்சை வைத்தவர் வீட்டார் அல்லர், கூலிக்கு அமர்த்தப்பட்டோரே. நஞ்சானது, அதனைக் கையாளுபவர் யார் என்று பார்த்துக் கொல்வதில்லை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

பூச்சி மருந்துக் கலத்தின் மேல் அச்சிட்ட வண்ணக் குறியின் பொருளைப் படித்தவர் பலரும் அறியார். இந்தியாவில் விற்கப்படும் பூச்சிக்கொல்லிகளின் நச்சுத்தன்மையை நால்வகை வண்ணம் உணர்த்துகிறது. சிவப்பு மிகக் கொடியது; மஞ்சள் அதற்கு அடுத்தது; நீலம் இடைப்பட்டது; பச்சை அவற்றுள் குறைந்தது. பச்சைக் குறியுள்ளதும் நஞ்சே என்பதை மறத்தல் கூடாது.

பயிற்சி பெற்ற தொழிலாளரை ஒருபோதும் அழைத்தலாகாது என்பது கருத்தன்று. அடித்தளம் வரை கறையான் பரவிய வீட்டிற்கும், புகையூட்டியே காக்கவேண்டிய தானியக் கிடங்கிற்கும் அவர்தம் தொழிலறிவு தேவை. அத்தகைய வேலைக்கு அரசின் உரிமம் வேண்டும் என்று சட்டமும் விதித்துள்ளது. அழைப்பவர், உரிமம் உண்டா, தெளிக்கும் மருந்தின் பெயர் யாது, எத்துணை நேரம் வீட்டினுள் செல்லலாகாது என்னும் மூன்றனையும் கேட்டறிதல் வேண்டும். வந்த தொழிலாளி முகமூடியும் கையுறையும் அணிந்துள்ளாரா என்றும் நோக்குதல் வேண்டும். வீட்டார் ஒருநாள் அஞ்சி விலகும் காற்றையே அவர் நாள்தோறும் சுவாசிக்கிறார். வீட்டார் தம் கடமையில் சோம்பியிருப்பதால் அவர் அந்நஞ்சை அடிக்கடி சுமக்க நேர்வது அறமாகாது.

“அலுவலுக்கும் பள்ளிக்கும் ஓடும் இக்காலத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று கேட்போர் உளர். முற்கால இல்லங்களில் இவ்வேலை முழுவதும் பெண்டிர் தலைமேலேயே சுமத்தப்பட்டிருந்தது. அச்சுமையைத் தாங்க இயலாமையாலும் அயலாரை அழைக்கும் வழக்கம் வளர்ந்தது. தாய் ஒருத்தியே செய்தால் அது பெருஞ்சுமை. தந்தையும் மக்களும் பங்கு கொண்டால் வாரத்தில் ஒருமணி நேர வேலை. ஒருவர் தொட்டியைக் கழுவலாம். ஒருவர் மாடியைப் பார்த்து வரலாம். ஒருவர் அடுக்களை மூலைகளைத் துடைக்கலாம். சிறுவர் கூடத் தோட்டத்துச் சிரட்டைகளைப் பொறுக்கலாம்.

தெருச் சாக்கடையைத் துப்புரவாக்குதலும் குப்பையை அகற்றுதலும் நகராட்சியின் கடமைகள். அவற்றைக் கேட்டுப் பெறுதல் குடிமக்களின் உரிமை. எனினும், தம் வீட்டுத் தொட்டியை மூடாதவர், தெருவைக் குறைகூறும் தகுதியை இழக்கிறார். கொசுவுக்கு மதில் இல்லை. ஒரு வீட்டார் சோம்பலில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். ஆதலின், வீட்டைத் தூய்மையாக வைத்தல் தன்னலம் மட்டுமன்று. அயலாருக்குச் செய்யும் அறமும் ஆகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இளைஞர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மாடிக்கும் தோட்டத்திற்கும் ஒருமுறை சென்று வருவாராக. அங்கு நீர் தேங்கிய சிரட்டை ஒன்று கிடைப்பின் அதனைக் கவிழ்த்து வைப்பாராக. அச்சிறு செயலால் ஓர் உயிர் காக்கப்படலாம்.