பர்ஸ் பத்திரம், எஸ்பிரஸோ நிச்சயம்!

புராஜெக்ட், வைவா, பிளேஸ்மென்ட் எல்லாம் எப்படிப் போகுது? இந்த வாரம் அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, ஒரு காபி சாப்பிட்டுக்கிட்டே பேசுவோமா?

கல்யாண மண்டபத்து 'எஸ்பிரஸோ' ஞாபகம் இருக்கா? வாசல் பக்கம் ஒரு பளபளா மெஷின். 'புஸ்ஸ்ஸ்'னு ஆவி. கப் நிறைய நுரை, மேலே கொஞ்சம் சாக்லேட் பவுடர். மொய் எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு ரவுண்டு, எழுதின பிறகு ரெண்டு ரவுண்டு அடிச்ச பார்ட்டிதானே நீங்க? ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபித்தூளும், ஆவியில் சூடாக்கின பாலும்தான். ருசி இருக்கும். ஆனா, எஸ்பிரஸோ இல்லை!

இப்ப எதுக்கு இந்தக் கதை? கோவையில் ஃபைனல் இயர் படிக்கிற ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணா, டியூஷன் எடுத்து 8,000 ரூபாய் சேர்த்திருக்கேன். ரூம்ல ஒரு எஸ்பிரஸோ மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். பத்தலைன்னா மீதிக்கு ஈ.எம்.ஐ. போட்டுக்கலாமா?"

ஈ.எம்.ஐ. என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பழைய காயம் ஒண்ணு வலிக்க ஆரம்பிச்சிடுச்சு. அதைச் சொல்லிட்டே மேட்டருக்கு வர்றேன்.

பரண் மேல் ஒரு மெஷின்

முதல் வேலை. கையில் வர்ற சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் கடை கண்ணாடிக்குள் ஒரு மெஷினைப் பார்த்ததும் மனசு தடுமாறிடுச்சு. அட்டைப் பெட்டி மேல 'எஸ்பிரஸோ - கப்புச்சினோ' என்று தங்க எழுத்து. ஒன்பது மாசத் தவணையில் வாங்கிட்டு வந்துட்டேன். முதல் காபி கருகின கஷாயம் மாதிரி இருந்துச்சு. பத்தாவது காபியும் அப்படியேதான். 'நமக்குத்தான் போடத் தெரியலை போல'ன்னு ரெண்டு மாசம் என்னையே திட்டிக்கிட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார், "தம்பி, இதுக்குள்ள பம்ப்பே கிடையாது!"

அது போகட்டும். அந்தத் தவணை கட்டின மாசங்களில் வீட்டுக்கு அனுப்புற பணத்தில் கை வெச்சேன். ஊருக்குப் போனப்ப அம்மா கண்ணாடியின் காலை நூலால் கட்டிப் போட்டிருந்தாங்க. "மாத்திக்கலாம்ப்பா, இப்ப என்ன அவசரம்?" என்றார்கள். மெஷின் இன்னும் பரண் மேலதான் இருக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் காபி ஞாபகம் வர்றதில்லை, அந்த நூல்தான் ஞாபகம் வருது.

அதனால கொஞ்சம் கவனமா கேளுங்க பாஸ்.

எது எஸ்பிரஸோ?

நைஸாக அரைத்த காபித்தூள் சுமார் 18 கிராம். அதன் வழியாக 90 முதல் 96 டிகிரி சூட்டில் தண்ணீரை, சுமார் 9 பார் அழுத்தத்தில் தள்ள வேண்டும். 25-30 விநாடியில் 36 கிராம் அளவுக்குக் கெட்டியாக இறங்கினால் அது எஸ்பிரஸோ. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனா, அடிப்படைக் கணக்கு இதுதான்.

9 பார்னா எவ்வளவு? உங்க பைக் டயரில் இருப்பது சுமார் 2 பார். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தம் 1 பார் சுமாருக்குத்தான். அப்ப வெறும் ஆவியை வெச்சு 9 பார் வருமா? வராது! இத்தாலியில் 1884-லேயே டூரின் நகரத்துக்காரர் ஆஞ்சலோ மோரியோண்டோ ஆவி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா, அழுத்தம் போதலை. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அக்கிலே காஜியாவின் லீவர் மெஷின் வந்த பிறகுதான் 'கிரெமா' எனப்படும் அந்தப் பொன்னிற நுரை கப்பில் வந்தது. 1961-ல் வந்த ஃபயீமா ஈ61 மெஷின் மின்சார பம்ப் வைத்து அந்த வேலையைச் செய்தது.

ஆக, பெட்டி மேல என்ன எழுதியிருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "உள்ளே பம்ப் இருக்கா, இல்லை வெறும் ஆவிதானா?" நான் கேட்காம விட்ட கேள்வி!

'15 பார்' மயக்கம்

பம்ப் இருக்கு, சரி. ஒரு பெட்டியில் '15 பார்', இன்னொண்ணில் '20 பார்'. இருபதுதான் ஒசத்தி என்று ஓடாதீங்க. அது பம்ப்பால் முடிந்த அதிகபட்சம். பைக் ஸ்பீடாமீட்டரில் 160 வரை நம்பர் போட்டிருக்கிற மாதிரி! காபிக்குத் தேவை 9-தான். நல்ல மெஷினில் கூடுதல் அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு இருக்கும்.

அடுத்து வடிகட்டிக் கிண்ணம். விலை குறைந்த மெஷின்களோடு வருவது பெரும்பாலும் இரட்டை அடி வைத்த கிண்ணம். கடைசியில் ஒரே ஒரு ஊசித் துளை. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கி நுரை காட்டிவிடும். கடையில் அரைத்த தூளை வைத்துச் சமாளிக்க இது வசதி. ஆனா, ருசியில் ஒரு எல்லைக்கு மேல் போகாது. ஒற்றை அடிக் கிண்ணமும் அதே மெஷினுக்குக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்க. நாளைக்குக் கை தேறினால் உதவும்.

முதல் காசு கிரைண்டருக்கு!

பல பேர் சறுக்குகிற இடம் இது. காசு முழுக்க மெஷினில் போட்டுவிட்டு, "வீட்ல மிக்ஸி இருக்கே" என்பார்கள். மிக்ஸி பிளேடு கொட்டையை அரைக்காது, வெட்டும். பாதி மாவு, பாதி நொய். தண்ணீர் நொய் இருக்கும் பக்கம் சந்து பிடித்து ஓடிவிடும். மாவிலிருந்து கசப்பு, நொய்யிலிருந்து புளிப்பு. ரெண்டும் ஒரே கப்பில்!

தேவை 'பர்' கிரைண்டர். இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி ஒரே சீராக அரைப்பது. மின்சாரத்தில் ஓடுவது விலை எகிறும். கையால் சுற்றுவது பாதி விலைக்குள் அதே தரத்தைத் தரும். 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். ஜிம்முக்குத் தனியா பணம் கட்ட வேணாம்! ஒரே நிபந்தனை, எஸ்பிரஸோ அளவுக்கு நைஸாகவும், சின்னச் சின்னப் படியாகவும் மாற்ற முடிகிற கிரைண்டரா என்று பார்த்து வாங்குங்க.

அப்ப எதைத்தான் வாங்குறது?

கையில் ஓரிரண்டு ஆயிரம்தானா? மோக்கா பாட் வாங்குங்க. 1933-ல் இத்தாலியின் பியாலெட்டி அறிமுகப்படுத்திய அடுப்புப் பாத்திரம். அழுத்தம் 1-2 பார்தான், அதனால் கறாராகச் சொன்னால் எஸ்பிரஸோ இல்லை. ஆனா, பால் ஊத்தினாலும் தாக்குப்பிடிக்கிற கெட்டி காபி. கீழ்ப் பாத்திரத்தில் வால்வுக்குக் கீழே வரை வெந்நீர், தூளை அழுத்தாமல் நிரப்பணும், சின்னத் தீ, 'கொர்ர்' சத்தம் வந்ததும் இறக்கிடணும். அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: ரூமில் இண்டக்‌ஷன் அடுப்பா? அலுமினிய மோக்கா பாட் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் அடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்க.

இன்னும் கொஞ்சம் சேர்த்துட்டீங்களா? கை லீவர் வகை இருக்கு. வெந்நீர் ஊத்தி நீங்களே அழுத்தணும். பம்ப், பாய்லர் எதுவும் இல்லை, அதனால் ரிப்பேர் செலவும் குறைவு. இதோடு நல்ல கை கிரைண்டர் சேர்ந்தால் காபி ஷாப் கப்புக்குப் பக்கத்தில் போயிடலாம். ஒவ்வொரு கப்புக்கும் வெந்நீர் போட்டு, பாத்திரத்தைச் சூடாக்குகிற பொறுமை மட்டும் வேணும்.

பட்டன் தட்டினால் வரணும், பாலுக்கு ஆவிக் குழாயும் வேணும் என்றால்தான் பம்ப் மெஷின். கிரைண்டருக்கும் சேர்த்துக் காசு கையில் வந்த பிறகு! ஹாஸ்டல்வாசிகள் வார்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. மெஷின் பறிமுதல் ஆனா அழக் கூடாது.

சில்லறைச் செலவு, பெரிய லாபம்

எடை மெஷின்: 0.1 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். கண்ணளவில் போட்டால் இன்னிக்கு வந்த ருசி நாளைக்கு வராது.

கொட்டை: வறுத்த தேதி போட்ட பாக்கெட்டாக வாங்குங்க. வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாசத்துக்குள் தீர்ப்பது நல்லது. நம்மூர் காபிக் கடையில் வறுக்கிற பீபரி, பிளான்டேஷன் ஏ கொட்டையிலேயே ஆரம்பிக்கலாம். வாய் மறக்காம "சிக்கரி வேண்டாம்" என்று சொல்லணும். கலப்புத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

தண்ணீர்: போர் தண்ணி ஊத்தினால் பாய்லருக்குள் உப்பு படிந்து மெஷின் ஆயுசு குறையும். கேன் தண்ணி ஊத்துங்க.

நுரை: பேட்டரியில் ஓடும் குட்டிக் கடைசல் கருவி போதும். அதுவும் இல்லையா? டவரா - டம்ளரில் உசரத் தூக்கி ஆத்துங்க!

ஒரு கணக்கு போட்டுடலாம். கால் கிலோ கொட்டை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கப்புக்கு 18 கிராம் என்றால் 13 கப். பழகும்போது கெட்டுப்போவது ஒன்று போக 12. ஒரு கப்புக்கு 42 ரூபாய், பால் தனி. தினம் காபி ஷாப் போகிற ஆளுக்கு இது லாபம். வாரத்துக்கு ஒரு நாள் போகிற ஆளுக்கு? மெஷின் விலை ஈடாக வருஷங்கள் ஆகும். நீங்க எந்த ஆள்னு உங்களுக்குத்தான் தெரியும்.

கோவைத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: "முதல்ல மோக்கா பாட். அடுத்து கை கிரைண்டர். மூணு மாசம் தினமும் போட்டுக் குடி. அப்பவும் ஆசை விடலைன்னா லீவருக்குச் சேர்த்து வை. கிரைண்டர் அதுக்கும் உதவும். ஈ.எம்.ஐ. மட்டும் வேணாம்டா."

"மீதி பணம் இருக்குமேண்ணா?" என்றார்.

"வீட்ல யாருக்காவது கண்ணாடி மாத்தணுமான்னு கேட்டுப் பாரேன்" என்றேன்.

அடுத்த வாரம் வேறொரு மேட்டரோட சந்திப்போம். வர்ட்டா!