வாந்தி மாத்திரை: எப்போது, யாருக்கு?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவில் வாயைப் பொத்திக்கொண்டு அவோமின் தேடுபவர்கள்தான் அதிகம். அப்போது போட்டு என்ன பிரயோஜனம்? மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

இந்த ரக மாத்திரை வாந்திக்குப் பயன்பட ஆரம்பித்ததே தற்செயல்தான். 1947-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், காணாக்கடிக்கு மருந்து (பின்னாளில் டிராமமின்) சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு டிராமில் வழக்கமாக வரும் குமட்டல் நின்றுபோனது. அதற்காக எல்லா அலர்ஜி மாத்திரையும் கேட்கும் என்று செட்ரிசினைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு! அது மூளைக்குள் அதிகம் நுழையாது, குமட்டலுக்குப் பெரிதாக உதவாது. தூக்கம் வரவழைக்கும் பழைய ரகம்தான் கேட்கும்.

அந்தத் தூக்கம்தான் வம்பு. பின் சீட்டுக்காரர் தூங்கட்டும், வேன் ஓட்டுபவர்? மேலே போய் பீர் அடிப்பவர்?

எல்லாவற்றையும் விட மோசம், "பாப்பாவுக்குப் பாதி" என்று உடைத்துக் கொடுப்பது. அவோமினில் இருப்பது புரோமெதசின். 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. மெடிக்கலில் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பவர், யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?