கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் வேளாண் பொருளியல் வேண்டும்



குறுவை அரிசி கடையில் வந்து இறங்கியதும் ஒரு கை அள்ளி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்தே ஈரத்தையும் நொய்யையும் சொல்லிவிடும் பிள்ளைகள் நம் தஞ்சைக் கடைகளில் உண்டு. அவர்களை யோசிக்காமல் பி.காம்.மில் சேர்த்துவிடுகிறோம். பிறகு வேளாண் பொருளியல் மேற்படிப்புக்குப் போனால் கதவு அடைத்திருக்கிறது.

எம்.எஸ்ஸி. வேளாண் பொருளியலில் சேர, வேளாண்மையிலோ அதைச் சார்ந்த துறையிலோ இளநிலைப் பட்டம் வேண்டும். ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் 1996 முதல் நடத்தும் வேளாண் வணிக மேலாண்மைப் பட்டய மேற்படிப்புக்கும் இதே நிபந்தனைதான். கூடவே கேட் நுழைவுத் தேர்வு. ஆகவே, பிளஸ் ஒன்னில் பிள்ளை எந்தப் பிரிவு எடுக்கிறது என்பதிலேயே வழி தீர்மானமாகிவிடுகிறது. பெற்றோர் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

நிபந்தனையைக் குறை கூறவில்லை. பயிர் தெரியாமல் விலையை ஆராய முடியாது. ஆனால் கடைத்தெரு தெரியாமல் மட்டும் முடியுமா? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது; உடனே 26 கிலோ மூட்டை புறப்பட்டது. சட்டம் சந்தையில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

எம்.எஸ்ஸி.யின் 70 அலகுகளில் 30 ஆய்வேட்டுக்கு உரியவை. அதில் ஒரு பங்கை மாணவர்கள் கும்பகோணம், மன்னார்குடி மண்டிகளில் செலவிடட்டும். நாமும் பற்று வரவு நோட்டை மறைக்காமல் திறந்து காட்ட வேண்டும்.

பட்டமில்லாத உர, பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்காக 'தேசி' என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பை 2003-இல் மேனேஜ் தொடங்கியது. வாரம் ஒரு நாள், கடை விடுமுறையில் வகுப்பு. அரிசி, பருப்பு வணிகருக்கும் அப்படியொன்று ஏன் கூடாது? ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. 1967-இல் திருவாரூரில் நெல் பதன ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தஞ்சையில் நிஃப்டெம் என்று வளர்ந்து நிற்கிறது. கற்றுத்தர ஆளுக்குப் பஞ்சமில்லை.

நம் சங்கம் அடுத்த பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, அரசுக்கு அனுப்பி ஆவன செய்ய வேண்டும். கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். கடையில் கற்ற கணக்கோடு கல்லூரிக் கல்வியும் சேர்ந்தால்தான், பெரிய நிறுவனங்கள் கடைவிரிக்கும் இக்காலத்தில் நம் பிள்ளைகள் கல்லாவில் தலைநிமிர்ந்து உட்கார முடியும்.