வெறிநாய்க்கடி: ஓசிச் சவாரி போகும் எமன்

கோவை - திருச்சி ரோட்டில் பல்லடம் தாண்டி காங்கயம் போகிற வழியில் பொங்கலூர். அங்கே ஏதாவது ஒரு டீக்கடைக்கு, காலில் நாய் கடித்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ஐந்து நிமிடத்தில் ஐந்து வைத்தியம் கிடைக்கும். "மொளகாப்பொடி வெச்சுக் கட்டுங்க." "சுண்ணாம்பு தடவுனா விசம் முறிஞ்சுருமுங்க." "சின்னக் கீறல் தானுங்களே, நம்ம தோட்டத்து நாய் தானுங்க." கடைசியாகப் பெரிய மனிதர் ஒருவர் தீர்ப்பு சொல்வார்: "பத்து நாள் பாருங்க. நாய் சாகலீன்னா ஒண்ணுமில்லீங்க."

அந்தப் பத்து நாள்தான் ஆளைக் கொல்லும் தீர்ப்பு. இதைச் சொல்பவர் படிக்காதவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிளஸ் டூ உயிரியலில் நல்ல மார்க் வாங்கிய பையனும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கொண்டுதான் இருப்பான். ஏன்? அவன் படித்த 'செல்' அப்படி.

பாடப்புத்தகத்தில் செல் என்றால் ஒரு வட்டம். நடுவில் நியூக்ளியஸ், சுற்றிலும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி நாலைந்து உறுப்புகள். படம் வரை, பாகம் குறி, ஐந்து மார்க். 'சைட்டோஸ்கெலிட்டன்', அதாவது செல்லின் உள்சட்டகம், இரண்டு வரியில் முடிந்துவிடும். "செல்லுக்கு வடிவம் தருகிறது." அவ்வளவுதான். ஒரு கட்டடத்துக்கு முட்டுக்கொடுத்த கம்பி மாதிரி நினைத்துக்கொண்டு மாணவன் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறான்.

அந்தச் சட்டகம் கம்பி மட்டும் இல்லை, ரோடும் அதுதான். டியூபுலின் என்ற புரத மணிகள் கோத்துக் கோத்து உருவாகும் நுண்குழல்கள் செல் முழுக்க ஓடுகின்றன. ஒரு குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர். அதன்மேல் டைனின், கினெசின் என்ற மோட்டார் புரதங்கள் சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. நரம்பு செல்லில் கினெசின் மையத்திலிருந்து நுனிக்குப் போகும் லாரி, டைனின் நுனியிலிருந்து மையத்துக்குத் திரும்பும் லாரி. டீசல் நம் உடம்பின் ஏடிபி.

இப்போது வெறிநாய்க்கடிக்கு வருவோம். ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இருக்கும். நீளம் சுமார் 180 நானோமீட்டர். அதனிடம் இருப்பது வெறும் ஐந்து ஜீன்கள். காலும் கிடையாது, வாலும் கிடையாது. பாதத்தில் கடித்த இடத்திலிருந்து தண்டுவடம் வரை ஒரு மீட்டர் நீளமுள்ள நரம்பிழைக்குள் அது தானாக மிதந்து போக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். கடிபட்டவரின் கொள்ளுப்பேரன் காலத்திலும் வந்து சேராது!

ஆனால் வந்துவிடுகிறதே, எப்படி? தசையும் நரம்பும் சேரும் இடத்தில் உள்ளே நுழைந்து, மூளைப்பக்கம் திரும்பும் டைனின் லாரியில் ஏறிக்கொள்கிறது. நரம்பு செல் தன் தேவைக்காக வைத்திருக்கும் பி75 என்ற ஏற்பிப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் அது இன்னும் வேகமாகப் போகிறது என்று 2014-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரோடு கடிபட்டவருடையது, லாரி அவருடையது, டீசலும் அவருடையது. எமன் மட்டும் ஓசி. மூளையில் பெருகிய பிறகு நரம்புகள் வழியாகவே வெளியே கிளம்பி உமிழ்நீர்ச் சுரப்பியில் போய் இறங்குகிறது. அடுத்த கடிக்கு அங்கேதான் டிக்கெட்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால், டாக்டர் சொல்வதெல்லாம் சடங்கு இல்லை என்பது புரியும்.

சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்கிறார்களே, ஏன்? இந்த வைரஸுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைக்கும். லாரி ஏறும் முன்பே காலி. மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் செய்வது காயத்தைப் புண்ணாக்குவது மட்டுமே.

ஆழமான கடிக்கு காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் போடுகிறார்களே, ஏன்? தடுப்பூசி போட்டு உடம்பு தானாக எதிர்ப்புப் புரதம் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஸ்டாண்டில் காவலுக்கு ரெடிமேட் ஆள் வேண்டும். நரம்புக்குள் ஏறிவிட்ட வைரஸ் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படுவது அபூர்வம்.

முகத்தில், கழுத்தில் கடித்தால் ஏன் பதறுகிறார்கள்? மூளைக்கு ரோடு குட்டை.

சரி, "பத்து நாள் பாருங்க" என்பது எங்கிருந்து வந்தது? கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான். அது முதல் ஊசியைத் தள்ளிப்போட இல்லை. ஊசியை உடனே ஆரம்பித்துவிட்டு, நாய் பத்து நாளும் ஆரோக்கியமாக இருந்தால் மீதி ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்வதற்காக. டீக்கடையில் அந்த விதியின் முதல் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வைரஸ் சில சமயம் தசையிலேயே நாள்கணக்கில் தங்கும், சில சமயம் சீக்கிரம் ஏறிவிடும். எந்த லாரியில் எப்போது ஏறும் என்று எந்தப் பெரிய மனிதருக்கும் தெரியாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் அறிகுறி தெரியும். தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்ற பயம் இன்னொரு பக்கம். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைத் தயாரித்தது. இந்தியாவில் 2004-லேயே அதை நிறுத்தியாயிற்று. இப்போது கையில் தோலுக்குள் போடும் ஊசி. 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஊசி மாறி இருபது வருடம் ஆகியும் பயம் மாறவில்லை என்றால், சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு கேள்வி வரும். வைரஸ் போகும் ரோட்டையே வெட்டிவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1989-ல் பாரிஸ் ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் கோல்ச்சிசின் என்ற பொருளைச் செலுத்தியபோது வைரஸின் பயணம் தடைபட்டது. அது டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் உருவாகவிடாமல் செய்வது. அந்தக் கோல்ச்சிசின் கிடைப்பது எதிலிருந்து தெரியுமா? மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு விதைக்காக விளைவிக்கிறார்களே, அந்தக் கண்வலிக்கிழங்குச் செடியிலிருந்தும்தான்! தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் அதுவே. உடனே யாரும் கிழங்கை அரைக்கக் கிளம்ப வேண்டாம். வைரஸின் ரோடும் உடம்பின் ரோடும் ஒன்றே. அதை வெட்டினால் மனிதன்தான் முதலில் சாவான். அந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் உண்டு. நரம்புக்குள் போனபின் துரத்திப் பிடிக்க வழியில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஸ்டாண்டிலேயே மடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2024-ல் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம். ரேபிஸ் சாவு 43. முறையாகச் சிகிச்சை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே தடுக்கக் கூடிய சாவுகள். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் ரோட்டுக்கு வந்து போராடினார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்களைப் பற்றி உத்தரவு போட்டு, அதே மாதம் திருத்தவும் செய்தது. டிவியில் நாய்ப் பிரியர் ஒரு பக்கம், நாய் எதிரி மறுபக்கம் என்று கத்தல். இரண்டு கட்சிக்கும் நடுவில், கடிபட்டவரின் நரம்பில் லாரி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

திருப்பூர் பெல்ட்டில் இன்னொரு எதிரி உண்டு: பீஸ் ரேட். பனியன் கம்பெனியில் தைக்கிறவர் ஊசிக்குப் போனால் அரை ஷிப்ட் கூலி போச்சு. முதல் ஊசிக்குப் போவார், மூன்றாம் நாள் போவார், ஏழாம் நாள் ஷிப்மென்ட் அவசரம் என்று நிறுத்திவிடுவார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால் எங்கே போவது என்றே தெரியாது. இதை அவருடைய அலட்சியம் என்று சொல்வது சுலபம். கடிபட்டவருக்கு ஊசி நாட்களில் கூலியோடு அனுமதி கொடுக்கக் கம்பெனிகளுக்கு என்ன நஷ்டம்? நாலு ஊசிக்கு நாலு அரை நாள். தடுப்பூசி கிடைக்கும் இடத்திலெல்லாம் இம்யூனோகுளோபுலினும் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடங்களும் ஒன்று செய்யலாம். செல் படம் வரையும்போது நியூக்ளியஸுக்குப் பக்கத்தில் அந்த ரோட்டையும் வரையச் சொல்லலாம். நாய்க்கடி வைரஸ் அதில் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று கேட்கலாம். அப்படிப் படித்த பையன் டீக்கடையில் தலையாட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். கடிபட்டவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், கையில் சோப்பைத் திணித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவான்.

எமன் லாரி ஏறுவதற்கு முன்னால் மனிதன் பஸ் ஏறியாக வேண்டும்.