பசி என்று அழும் பிள்ளை, சோற்றை மறுக்கும் பிள்ளை

“விடிந்தது முதல் படுக்கும்வரை பசி பசி என்கிறான். சோற்றுக் கோப்பையை முன்னே வைத்தால் இரண்டு வாய் உண்டுவிட்டு எழுந்துவிடுகிறான். நான் என்னதான் செய்வது?” மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் பலருடைய முறைப்பாடு இது. தீவகத்துத் தாய்மாருக்கோ இக்கவலை இரட்டிப்பானது. சோளகக் காற்று மூண்டு கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் நெடுந்தீவுக்கு மரக்கறி வந்து சேராது. உள்ளதைக் கொண்டு சமைத்ததையும் பிள்ளை தள்ளிவிட்டால் பெற்ற மனம் பதறாமல் இருக்குமா? அவ்வேளையில் கைக்கு எட்டுவது விசுக்கோத்துப் பெட்டிதான். தொல்லையின் வேர் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலே தோன்றிய அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்திய காயசண்டிகைக்கு அதிலிருந்து அன்னமிட்டு நோய் தீர்த்தாள் என்பது கதை. நம் வீட்டுச் சிறுவனைப் பிடித்திருப்பது யானைத்தீயோ என்று அஞ்சவேண்டியதில்லை. பல வீடுகளில், கேட்ட போதெல்லாம் வழங்கும் அமுதசுரபியாக அடுக்களையே மாறியிருக்கிறது. அதனாலேயே பிள்ளைக்கு நல்ல பசியும் வருவதில்லை, உண்ட நிறைவும் வருவதில்லை.

ஒரு நாளின் கணக்கைப் பாருங்கள். காலையில் சீனி போட்ட தேத்தண்ணீரும் ஒரு துண்டு பாணும். எட்டு மணிக்கு இரண்டு விசுக்கோத்து. பத்து மணிக்கு ஒரு பேணி மாப்பால். பதினொரு மணிக்கு அழுகையை அடக்க ஓர் இனிப்பு. மதியம் சோறு வரும்போது அந்தச் சிறு வயிற்றில் இடம் ஏது? ஆயினும் மாவும் சீனியும் விரைவிலே செரித்துவிடும். பருப்பு, மீன், முட்டை, தேங்காய் ஆகியவற்றைப்போல அவை வயிற்றில் நின்று பசி தாங்கமாட்டா. ஆகவே இரண்டு மணிக்கு மீண்டும் ‘பசிக்கிறது’ என்ற குரல் எழுகின்றது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அரை வயிறு நிரம்பியும் அரை வயிறு காய்ந்தும் நாள் முழுவதும் அலைகின்றது.

சில வேளைகளில் ‘பசி’ என்ற சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாகத்தையும், சோர்வையும், விளையாடத் துணையில்லாத அலுப்பையும் சொல்ல அந்த ஒரு சொல்லே கைவசம் இருக்கலாம். நெடுந்தீவில் பல கிணறுகளின் நீர் உவர். உவர்நீரை வெறுக்கும் பிள்ளை தாகத்தோடு இருந்துகொண்டு தின்பண்டம் கேட்பதும் உண்டு. எனவே முதலில் நல்ல தண்ணீர் கொடுங்கள். சிறிது நேரம் மடியில் இருத்திக் கதை சொல்லுங்கள். பிறகும் பசி என்றால் அது பசிதான்.

இன்னொரு பயத்தையும் நீக்கவேண்டும். பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை முதலாண்டு முடிவில் ஏறக்குறைய 9 கிலோ ஆகின்றது. ஆனால் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோவே ஏறும். வளர்ச்சியின் வேகம் தணியும்போது உண்ணும் அளவும் தணிவது இயற்கை. ஒரு நாள் கோப்பையை வழித்து உண்பதும் மறுநாள் முகத்தைத் திருப்புவதும் இவ்வயதின் குணம். ஒரு நேரச் சோற்றை அளந்து கலங்காமல் ஒரு கிழமை உணவைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கணக்குச் சரியாகவே வரும்.

இதனை ஆராய்ந்தவர் கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்க மருத்துவப் பெண்மணி. பால்குடி மறந்த பதினைந்து குழந்தைகள் முன்னே, பல வகையான 34 இயற்கை உணவுகளிலிருந்து வேளைதோறும் சிலவற்றை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ண விட்டார். ஆண்டுக் கணக்கில் நடந்த இந்த ஆய்வின் முடிவை அவர் 1939ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக உண்டது. ஆயினும் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. இதைக் கேட்டு, ‘பிள்ளைக்குத் தெரியும், கேட்டதையெல்லாம் கொடுப்போம்’ என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 34 வகையில் வெள்ளைச் சீனியோ இனிப்புப் பண்டமோ இல்லை. எதை வைப்பது என்று தெரிந்தெடுத்தவர் பெரியவர். எவ்வளவு உண்பது என்று தீர்மானித்ததே குழந்தை. பிற்காலத்தில் எலின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியலாளரும் இதையே விதியாக்கினார்: எதை, எப்போது, எங்கே உண்பது என்பது பெற்றாரின் பொறுப்பு, உண்பதா, எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு.

இதனை நம் வீட்டில் நடத்துவது கடினமன்று. நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு வேளை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரண்டரை மணி முதல் மூன்றரை மணி நேர இடைவெளி. காலை ஏழு மணிக்குப் பிட்டும் முட்டையும். பத்து மணிக்கு வாழைப்பழமோ அவித்த பயறோ. பன்னிரண்டரைக்குச் சோறு, மீன், முருங்கையிலை வறை. மாலை நான்கு மணிக்குத் தயிரோ எள்ளுருண்டையோ. இரவு ஏழு மணிக்கு இடியப்பமும் பருப்பும். இடையிலே தண்ணீர் மட்டும். ‘இப்போது சாப்பாட்டு நேரமில்லை, வெயில் தாழ்ந்ததும் தருவேன்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முதல் மூன்று நாள் அழுகை இருக்கும். பசியோடு கோப்பைக்கு முன் வந்து அமரும் நாளும் பின்னே வரும். பால் நல்லதே, ஆனால் நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் போனால் சோற்றுக்கு இடமிராது, இரும்புச்சத்தும் குறையும். தேத்தண்ணீர் இவ்வயதுக்கு வேண்டியதில்லை. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை அது தடுக்கின்றது. கீரையின் மேல் பிழியும் தேசிக்காய்ச் சாறோ அதற்குத் துணை செய்கின்றது.

படகு வராத நாளிலும் தீவு நம்மைக் கைவிடுவதில்லை. கரைவலையில் அகப்படும் நெத்தலியும் சூடையும் விலை குறைந்தவை, சத்து நிறைந்தவை. முள்ளை நீக்கிப் பிசைந்து கொடுங்கள். வேலியோரத்து முருங்கை எக்காற்றுக்கும் அஞ்சாது. மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இலையும் சேர்ந்த ஒடியற்கூழ் ஒரே சட்டியிலே முழுச் சாப்பாடு. ஒடியல்மாவை ஊறவைத்துப் பிழிந்து கைப்பை நன்கு நீக்குங்கள். மிளகாய் கரைக்குமுன் பிள்ளையின் பங்கை எடுத்து வையுங்கள். அம்மன் திருவிழாக் காலத்தில் மச்சம் தவிர்க்கும் வீடுகளில் பயறு, கௌப்பி, பருப்பு, தயிர் அந்த இடத்தை நிரப்பும். முழுக் கச்சான்கடலையையும் முழுக் கடலையையும் மட்டும் இவ்வயதில் கொடாதீர்கள், தொண்டையில் அடைத்துவிடும். மசித்தோ இடித்தோ கொடுக்கலாம். குடும்பநல மாது திரிபோஷா தந்தால், அதை வீட்டார் எல்லாரும் பங்கிட்டு உண்ணாமல் அந்தப் பிள்ளைக்கே ஒதுக்குங்கள்.

புதிய கறியைப் பிள்ளை முதல் நாள் துப்பினால், ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பத்துத் தடவை, சில வேளை அதற்கும் மேலாக, சிறிதளவு கோப்பையின் ஓரத்தில் வைக்கவேண்டியிருக்கும். தின்றால் இனிப்பு என்ற ஆசையும் வேண்டாம், பேய் வரும் என்ற மிரட்டலும் வேண்டாம். கைத்தொலைபேசியில் படம் காட்டி வாயில் திணிப்பதும் வேண்டாம். தன் வயிறு நிரம்பியதை அறியும் இயல்பையே பிள்ளை இழந்துவிடும். நயினாதீவுக் கோயில் அன்னதானப் பந்தியைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் பூசணிக்காயைத் தொடாத பிள்ளை, இருபுறமும் பெரியவர்களும் சிறுவர்களும் உண்ணக் கண்டு தானும் உண்டுவிடும். வீட்டிலும் ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாக அமருங்கள்.

இனி அப்பம்மாவின் கதை. பேரப்பிள்ளை பசி என்றால் அவருடைய கை தானாகவே பெட்டியைத் திறக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பெரியம்மாவின் பையிலோ சொக்கிலேற்று நிறைந்திருக்கும். இதற்காக மாமியோடு மனத்தாங்கல் கொள்ளாதீர்கள். மாலை நான்கு மணிச் சிற்றுண்டியை அவர் கையாலேயே கொடுக்கும்படி கேளுங்கள். கொடுக்கும் இன்பம் அவருக்கு, ஒழுங்கு பிள்ளைக்கு. சொக்கிலேற்றையும் உணவு வேளையோடு ஒரு துண்டாகக் கொடுத்து முடிக்கலாம்.

எனினும் எல்லாப் பசியையும் ஒழுங்கால் தீர்க்கமுடியாது. எவ்வளவு உண்டும் மெலிவதோடு ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். சிறு பிள்ளைகளுக்கும் அந்நோய் வரும். சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகவும் முடியும். வாந்தியோ, மூச்சு வாங்குதலோ, மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. பிள்ளை மண் தின்றாலும், முகம் வெளிறினாலும், வயிற்றோட்டம் ஓயாதிருந்தாலும், சுகாதாரப் புத்தகத்தில் நிறைக்கோடு ஏறாமல் நின்றாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். பூச்சி மருந்தையும் குடும்பநல மாதுவைக் கேட்டே கொடுங்கள். படகின் நேரம் பார்த்து வாழும் தீவிலே, ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பது நீண்ட தாமதம். நெடுந்தீவிலே பிரதேச வைத்தியசாலையும் ஊர்காவற்றுறையிலே ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஐயம் தோன்றிய அன்றே செல்லுங்கள்.

இக்குறிகள் எவையும் இல்லாமல், பிள்ளை ஓடி விளையாடி நிறையும் ஏறிவந்தால், தாய்மாரே, மனம் கலங்கவேண்டாம். விசுக்கோத்துப் பெட்டியை மேல் தட்டில் வைத்துவிட்டு, நான் சொன்ன நேர ஒழுங்கை இரண்டு கிழமை கைக்கொண்டு பாருங்கள்.